அன்று அந்த அறையில் யார் யார் இருந்தார்கள்

1981-ல் அமெரிக்க வானொலிகளில் ஒரு ஜோடிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கிராமப்புறத்திலிருந்து வந்த கன்ட்ரி இசையின் பெரிய பாடகர்களான ஜிம் ரீவ்ஸும் பேட்ஸி கிளைனும் சேர்ந்து பாடிய ‘ஹேவ் யூ எவர் பீன் லோன்லி’. கன்ட்ரி பாட்டுப் பட்டியலில் நன்றாகவே மேலேறியது. அந்த இருவரும் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு பாட்டைக்கூடச் சேர்ந்து பதிவு செய்ததில்லை. பேட்ஸி கிளைன் 1963 மார்ச் 5 அன்று, டென்னஸியில் கேம்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் விமான விபத்தில் இறந்துபோனார். ஜிம் ரீவ்ஸ் அடுத்த ஆண்டே, 1964 ஜூலை 31 அன்று, தானே ஓட்டிவந்த சின்ன விமானம் இடிமழையில் மாட்டிக்கொள்ள, கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில்லுக்குக் கொஞ்ச தூரத்தில் விழுந்து இறந்தார். இருவரும் அந்தப் பாட்டைத் தனித்தனியாக, வேறு வேறு கம்பெனிகளுக்குப் பாடி வைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, வேகத்தை ஒன்றுக்கொன்று பொருத்தி, அடியில் புதிதாக வாத்தியங்களை வாசித்துச் சேர்த்து, ஜோடிப் பாட்டாக ஆக்கிவிட்டார்கள்.

அன்றைய நாஷ்வில் ஸ்டூடியோக்கள் மூன்று டிராக் டேப்பில், அதாவது ஒரே டேப்பில் மூன்று தனித்தனித் தடங்களாக, பதிவு செய்ததால்தான் இது முடிந்தது. பாடகரின் குரல் பெரும்பாலும் ஒரு டிராக்கில் இருக்கும். பியானோ, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் இன்னொன்றில். கோரஸும் வயலின்களும் மூன்றாவதில். பிற்பாடு இந்த மூன்றையும் கலந்து, வானொலிக்கும் சின்ன ரெக்கார்டுக்கும் மோனோவாகவும் (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி), எல்.பி. என்கிற பெரிய ரெக்கார்டுக்கு ஸ்டீரியோவாகவும் (இடம் வலம் என்று பிரிந்த ஒலி) இறக்குவார்கள். குரல் தனி டிராக்கில் கிடந்ததால், இருபது வருஷம் கழித்தும் அதை உருவ முடிந்தது. முழுக்கப் பிரியாது என்பதும் உண்மை. எல்லாரும் ஒரே அறையில் நின்றுதான் வாசித்தார்கள். பாடகரின் மைக்கில் பக்கத்துப் பியானோவும் விழும், டிரம்ஸ் மைக்கில் பாடகரின் குரலும் விழும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், குரலுக்குப் பின்னால் பழைய அறையின் சத்தம் லேசாக ஒட்டிக்கொண்டு வருவது தெரியும்.

அந்த ஜோடிப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. பேட்ஸி கிளைன் பாடும்போது அவருக்கு முன்னால் ஒரு பியானோக்காரர் இருந்தார். அவர் விட்ட இடைவெளிக்குத் தகுந்த மாதிரி பேட்ஸி மூச்செடுத்தார். அந்தப் பியானோக்காரரைத் தூக்கிவிட்டு, 1981-ல் வேறொருவரை உட்காரவைத்து, அதே மூச்சுக்கு வாசிக்கச் சொன்னால், பாடியவருக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போகிறது. பழைய பாட்டுகளின் மறுவெளியீடுகளைத் தேடித் தேடிக் கேட்கிறவன் என்ற முறையில், ஒவ்வொரு தொகுப்பையும் கையிலெடுக்கும்போது முதலில் நான் பார்ப்பது இதைத்தான்: அன்று அந்த அறையில் இருந்தவர்களை இது திருப்பிக் கொண்டுவருகிறதா, வெளியே தள்ளுகிறதா.

ஜிம் ரீவ்ஸ் விஷயத்தில் வெளியே தள்ளுகிற வேலை நிறையவே நடந்தது. அவர் இறந்த பிறகும் ஆர்சிஏ கம்பெனி வருஷக்கணக்கில் அவருடைய ‘புதிய’ பாட்டுகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. வெளிவராமல் கிடந்த பதிவுகள், மாதிரிக்காகப் பாடி வைத்த டெமோக்கள், எல்லாவற்றின் மேலும் வயலினும் கோரஸும் பூசி இறக்கினார்கள். ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ அப்படி வந்ததுதான். சிண்டி வாக்கர் எழுதிய பாட்டு, அவருக்காக ரீவ்ஸ் பாடிக் கொடுத்த டெமோ. அதன் மேல் ஆர்கெஸ்ட்ராவைச் சேர்த்து 1966-ல் வெளியிட்டபோது, பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. பீட்டில்ஸ் கொடிகட்டிப் பறந்த வருஷம் அது. இறந்து இரண்டு வருஷமான, நாற்பதைத் தொட்ட ஒரு டெக்ஸஸ்காரரின் டெமோ எல்லாரையும் தாண்டி மேலே போய் உட்கார்ந்தது. அந்த மேல்பூச்சு இல்லாமல் அது அவ்வளவு தூரம் போயிருக்குமா என்று கேட்டால், போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதனால் பூச்சையே குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ அந்த வடிவத்திலேயே இன்று வரலாறாகிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த அடுக்கடுக்கான பூச்சுகள்தான் வேதனை. எழுபதுகளின் ருசிக்கு ஒரு பூச்சு, எண்பதுகளின் ருசிக்கு இன்னொன்று. அடியில் இருந்த மனிதர் எங்கோ போய்விட்டார்.

ஜிம் ரீவ்ஸைப் பற்றித் தமிழில் எழுத எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை வழியாக இந்தக் குரல் யாழ்ப்பாணம், கொழும்பு தொடங்கி நம்முடைய தென்கரை வரை எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்தது. அமெரிக்காவிலேயே அவரை மறந்துபோன காலத்திலும் இலங்கையிலும் தென்னிந்தியக் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் மறக்கவில்லை. 1963-ல் அவர் வெளியிட்ட கிறிஸ்துமஸ் எல்.பி.யைக் கேட்காமல் டிசம்பர் மாதத்தைக் கழித்த வீடுகள் தூத்துக்குடிப் பக்கம் குறைவு. என் மாமா அப்படிப்பட்ட வீட்டுக்காரர். அவரிடம் இருந்தது எல்லாம் பிற்காலத்துக் கேசட்டுகள், அதாவது பூச்சுக்கு மேல் பூச்சு ஏறியவை. மேல்பூச்சு இல்லாத பழைய வடிவம் ஒன்றை முதன்முதலாக அவருக்குப் போட்டுக் காட்டினேன். “என்னடே, வயலினெல்லாம் எங்க போச்சு? பாட்டு மொட்டையா கெடக்கே” என்றார். ஏமாற்றம்தான். பாட்டு முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, “இதுல அவரு பக்கத்துல உக்காந்துல்லா பாடுதாரு” என்றார். பிறகு என்னிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாலும், கிறிஸ்துமஸுக்கு அவர் போடுவது பழைய கேசட் வடிவத்தைத்தான். அதுதான் அவருடைய ஜிம் ரீவ்ஸ், அதில் நான் தலையிடுவதில்லை. நல்ல தொகுப்பு என்றால் இரண்டையும் வைத்திருக்க வேண்டும், எது எப்போது சேர்ந்தது என்று பக்கத்திலேயே எழுதியும் வைக்க வேண்டும்.

அப்படி எழுதி வைக்கிற வேலையைப் பிடிவாதமாகச் செய்த ஒரு கம்பெனி, நாஷ்வில்லில் இல்லை, ஜெர்மனியில் இருக்கிறது. ‘பேர் ஃபேமிலி ரெக்கார்ட்ஸ்’ (Bear Family Records) என்பது அதன் பெயர். ரிச்சர்ட் வைட்சே என்பவர் 1975-ல் பிரெமன் நகரத்துப் பக்கம் தொடங்கினார். அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் பழைய கன்ட்ரி டேப்புகளைப் பத்துப் பாட்டுத் தொகுப்புகளாகச் சுருக்கி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இவர் அவற்றை உரிமம் வாங்கி, ஒரு பாடகர் பாடிய அத்தனையையும் வரிசைப்படி ஒரே பெட்டியில் போட ஆரம்பித்தார். லெஃப்டி ஃப்ரிஸல் என்றால் 12 சிடி. ஜிம் ரீவ்ஸ் என்றால் ‘வெல்கம் டு மை வேர்ல்ட்’ என்ற பெயரில் 16 சிடி. உள்ளே எல்.பி. அளவில் கெட்டி அட்டை போட்ட புத்தகம். முன்பாதி வாழ்க்கை வரலாறும் படங்களும். எனக்கு முக்கியம் அதன் பின்பக்கங்கள்.

அந்தப் பின்பக்கங்களில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு குறிப்பு இருக்கும். தேதி, ஸ்டூடியோ, தயாரிப்பாளர், பாட்டுக்கு கம்பெனி கொடுத்த எண், முதலில் எந்த ரெக்கார்டில் வந்தது, யார் என்ன வாசித்தார்கள். உதாரணத்துக்கு ஒன்று. 1959 அக்டோபர் 15, நாஷ்வில், ஆர்சிஏ ஸ்டூடியோ. தயாரிப்பு செட் அட்கின்ஸ். பாட்டு ‘ஹீல் ஹேவ் டு கோ’. பியானோ ஃபிளாய்டு கிரேமர், வைப்ராஃபோன் (உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கிற வாத்தியம்) மார்வின் ஹியூஸ், கிட்டார் ஹேங்க் கார்லண்ட், பேஸ் பாப் மூர், டிரம்ஸ் படி ஹார்மன், கோரஸ் அனிதா கெர் சிங்கர்ஸ். அவ்வளவுதான் பட்டாளம். வயலின் ஒன்றுகூட இல்லை. ரெக்கார்டில் முதலில் பின்பக்கத்தில் போட்டிருந்த பாட்டு இது. வானொலிக்காரர்கள் திருப்பிப் போட ஆரம்பித்து, 1960-ல் கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடம், பொதுப் பட்டியலில் இரண்டாமிடம் வரை போனது.

அந்தப் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முதல் வரியிலேயே குரல் மைக்கை ஒட்டி, ஆழத்தில் இறங்குகிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தவர்தான் ரீவ்ஸ். 1957-ல் வந்த ‘ஃபோர் வால்ஸ்’ பாட்டில் மைக்குக்கு மிக அருகில் நின்று தணித்துப் பாடத் தொடங்கினார், அதுவே அவர் பாணியாகிவிட்டது. வரி முடிகிற இடத்தில் வைப்ராஃபோன் ஓரிரு சுரம் தட்டிவிட்டு நின்றுகொள்கிறது. அந்த உலோகத்தின் அதிர்வு அடங்குவதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. மார்வின் ஹியூஸ் என்ற பெயர் தெரியாதவரை எனக்கு அது வெறும் ‘டிங்’ சத்தம். இப்போது ஒரு மனிதர் கையில் குச்சியோடு, பாடகரின் முகத்தைப் பார்த்தபடி, எப்போது தட்டலாம் என்று காத்து நிற்பது எனக்குத் தெரிகிறது. பியானோவில் கிரேமர் நெருங்கி வந்துவிட்டு விலகிக்கொள்கிறார். ஒரு சுரத்தைத் தொட்ட கையோடு பக்கத்துச் சுரத்துக்கு வழுக்கிப் போகிற அவருடைய வாசிப்பு அடுத்த வருஷம் ‘லாஸ்ட் டேட்’ என்ற அவருடைய சொந்தத் தட்டில் உலகம் முழுக்கப் போனது. இங்கே மற்றவரின் பாட்டுக்காக அடங்கியிருக்கிறார்.

இந்த விவரங்கள் எல்லாம் அன்றைய எல்.பி. அட்டைகளில் கிடையாது. பாடகரின் பெயர் பெரிதாக, பின்னால் ஒரு புகழ்ச்சி, பாட்டுகளின் பட்டியல், அவ்வளவுதான். அப்படியானால் முப்பது வருஷம் கழித்து இவை எங்கிருந்து கிடைத்தன? சம்பளச் சீட்டிலிருந்து. நாஷ்வில்லில் வாத்தியக்காரர்கள் எல்லாரும் சங்கத்தில் உறுப்பினர்கள், அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் 257-ஆம் கிளை. ஒரு செஷன், அதாவது ஒருமுறை கூடிப் பதிவு செய்வது, மூன்று மணி நேரம். காலை பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று ஒரு நாளைக்கு நாலு செஷன்கூட ஓடும். மூன்று மணி நேரத்தில் மூன்று நாலு பாட்டு முடித்துவிடுவார்கள். ஒவ்வொரு செஷனுக்கும் யார் வந்தார்கள், என்ன பாட்டு, எத்தனை மணி, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாள் சங்கத்துக்குப் போகும். கூலி ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட தாள். இன்று அந்த இசைக்கு இருக்கிற மிகப் பெரிய ஆவணம் அதுதான். அதில் ஓர் ஓட்டையும் உண்டு. கோரஸ் பாடியவர்கள் பாடகர்களுக்கான வேறு சங்கத்தில் இருந்தார்கள், அதனால் அவர்கள் பெயர் பெரும்பாலும் இந்தத் தாளில் வராது. அனிதா கெர் சிங்கர்ஸ் என்று குழுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அனிதா கெர், டாட்டி டில்லார்ட், லூயி நன்லி, கில் ரைட் என்று நாலு பேர் அவர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் நாஷ்வில்லில் பதிவான பாட்டுகளில் எத்தனையோ இவர்களுடைய குரலைத் தாங்கி நிற்கின்றன.

இவ்வளவு வேகமாக எப்படி முடித்தார்கள் என்பதற்கும் பதில் இருக்கிறது. இசைக்குறிப்பு எழுதி வைத்து வாசிக்கிற வழக்கம் குறைவு. பாட்டை ஒருமுறை கேட்பார்கள், எந்த இடத்தில் எந்தச் சுரக்கூட்டு (கார்டு) என்று தாளில் 1, 4, 5 மாதிரி எண்களைக் கிறுக்கிக்கொள்வார்கள், வாசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நம்முடைய ச-ரி-க-ம எந்தச் சுருதியில் பாடினாலும் பொருந்துகிற மாதிரி, அந்த எண்களும் எந்தச் சுருதிக்கும் பொருந்தும். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம், தாளைத் திருத்த வேண்டியதில்லை. ஜோர்டனேர்ஸ் குழுவைச் சேர்ந்த நீல் மேத்யூஸ் தங்கள் கோரஸுக்காக உண்டாக்கிய முறை இது. சார்லி மெக்காய் போன்ற வாத்தியக்காரர்கள் மூலம் ஊர் முழுக்கப் பரவி, இன்றும் நாஷ்வில்லில் புழக்கத்தில் இருக்கிறது.

இந்த வேகத்துக்கு விலக்கான ஒரு நாளும் உண்டு. 1961 ஆகஸ்ட் 21, பதினாறாம் அவென்யூ சவுத்தில் ஓவன் பிராட்லியின் ஸ்டூடியோ. ராணுவக் கொட்டகை மாதிரி வளைந்த தகரக் கூரை போட்ட கட்டடம் என்பதால் குவான்செட் ஹட் என்றே பெயர். பாட்டு ‘கிரேஸி’. எழுதியவர் அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத வில்லி நெல்சன். பேட்ஸி கிளைன் ஜூன் மாதம் நடந்த கார் விபத்தில் செத்துப் பிழைத்து வந்திருந்தார். விலா எலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை, மேல் சுரங்களைப் பிடிக்கும்போது வலித்தது. ஒரே பாட்டுக்காக முழு செஷனும் போயும் குரல் அமையவில்லை. வாத்தியங்களை மட்டும் முடித்துக்கொண்டு, பிறகொரு நாள் பேட்ஸி வந்து பாடிச் சேர்த்தார். அதாவது நாம் கேட்கிற ‘கிரேஸி’யே நேரடி ஒரே மூச்சுப் பதிவு இல்லை. மேலே சேர்ப்பதையே தப்பு என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பாட்டு ஒரு பதில். ஆனால் பாடியபோது அவர் காதில் ஒலித்தது தன்னோடு நின்ற அதே ஆட்கள் வாசித்தது. பேட்ஸி தாமதித்துத் தாமதித்து வார்த்தையைப் போடுகிற இடங்களில் பியானோ எங்கே ஒதுங்குகிறது என்று கேளுங்கள். ஆழத்தில் பாப் மூரின் பேஸோடு சேர்ந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஓவனின் தம்பி ஹெரால்டு பிராட்லி ஆறு கம்பி எலெக்ட்ரிக் பேஸில் அதே சுரங்களைக் கம்பியை அமுக்கி மீட்டுகிறார். மலிவான மறுபதிப்புகளில் முதலில் காணாமல் போவது இந்த ‘டிக்’தான்.

மலிவுப் பதிப்புகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பேட்ஸி கிளைன் 1960 வரை ஃபோர் ஸ்டார் என்ற கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தார். அந்தக் கம்பெனிக்கு உரிமை இருந்த பாட்டுகளைத்தான் பாட முடியும். அந்தக் காலத்துப் பதிவுகளில் ‘வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்’ ஒன்றுதான் பெரிதாக ஓடியது. அவர் இறந்த பிறகு இந்தப் பழைய பதிவுகளைத்தான் கண்டவரும் உரிமம் வாங்கி, அவருடைய சிரித்த முகத்தை அட்டையில் போட்டு, சிறந்த பாட்டுகள் என்று பெயர் வைத்து விற்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ‘கிரேஸி’யும் இருக்காது, ‘ஐ ஃபால் டு பீசஸ்’ஸும் இருக்காது. 1980-ல் அவருடைய நல்ல பதிவுகளின் மேலேயே புது வாத்தியங்களைப் பூசி ஒரு எல்.பி. வந்தது. இதற்கெல்லாம் பிறகு 1991-ல், நாஷ்வில்லில் கன்ட்ரி இசை அருங்காட்சியகத்தை நடத்துகிற கன்ட்ரி மியூசிக் ஃபவுண்டேஷன் சேர்ந்து தயாரித்த 4 சிடி, 104 பாட்டுப் பெட்டிதான் அவரை வரிசையாக, அவரோடு வாசித்தவர்களோடு, நமக்குக் கொடுத்தது.

இன்னொரு தொல்லை போலி ஸ்டீரியோ. அறுபதுகளில் ஸ்டீரியோ என்று அட்டையில் போட்டால்தான் விற்கும் என்ற நிலை வந்ததும், பழைய மோனோ டேப்புகளை எடுத்து, கீழ்ச்சத்தத்தை ஒரு காதுக்கும் மேல்சத்தத்தை இன்னொரு காதுக்கும் பிரித்து, கொஞ்சம் எதிரொலியும் சேர்த்து விற்றார்கள். கேபிடல் கம்பெனி இதற்கு டூயோஃபோனிக் என்று ஒரு பெயரே வைத்திருந்தது. கேட்டால் தலை சுற்றும். பிற்காலத்தில் அசல் டேப்பைத் தேடாமல் கையில் அகப்பட்ட எல்.பி. மாஸ்டரிலிருந்து சிடி போட்டவர்கள், இந்தக் கோளாறையும் அப்படியே டிஜிட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே ஒலிப்பதிவுக்கு 50 வருஷ உரிமைதான் இருந்தது. 2011-ல் அதை 70 ஆக்கி, 2013-க்குள் எல்லா நாடுகளும் சட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதற்குள் உரிமை தீர்ந்துபோனவை தீர்ந்தவையே. 1962 கடைசி வரை வெளிவந்த பதிவுகளை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், 1963-லிருந்து முடியாது. நாலு எல்.பி.யை இரண்டு சிடியில் அடைத்து அடிமாட்டு விலைக்கு விற்கிற தொகுப்புகள் எல்லாம் 1962-லேயே நின்றுவிடுவதற்கு இதுதான் காரணம். பெரும்பாலும் யாரோ உழைத்துச் சுத்தம் செய்த சிடியிலிருந்து நகலெடுத்து, யார் வாசித்தது என்று ஒரு வரிகூட எழுதாமல் போடுகிறார்கள். நான் அவற்றை வாங்கியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேறெங்கும் கிடைக்காத எல்.பி. ஏதாவது அதில் அகப்படும். ஆனால் தேடிக் கண்டுபிடித்தவனுக்கு அதிலிருந்து ஒரு காசு போவதில்லை, அடுத்த பெட்டியைப் போட அவனுக்கு எங்கிருந்து தெம்பு வரும்? இதே சட்டம் பெரிய கம்பெனிகளையும் விசித்திரமாக நடந்துகொள்ள வைத்தது. வெளியிடாத பதிவின் உரிமை கைவிட்டுப் போகாமலிருக்க, 2012 டிசம்பரில் பாப் டிலனின் 1962-ஆம் வருஷத்துப் பதிவுகளை நூறு பிரதி அளவுக்கு மட்டும் ஐரோப்பாவில் வெளியிட்டார்கள். பெட்டியின் பெயரிலேயே அது உரிமை நீட்டிப்புக்கான தொகுப்பு என்று எழுதியிருந்தது.

டேப்பைப் பற்றியும் கொஞ்சம். நல்ல மறுவெளியீட்டுக்காரர் முதலில் தேடுவது செஷன் நடந்த அன்று சுழன்ற மூன்று டிராக் டேப்பை. அதிலிருந்து கலந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை, ரெக்கார்டு வெட்டுவதற்காகச் சத்தத்தை அமுக்கி எடுத்தது அதற்கும் அடுத்தது, வெளிநாட்டுக்கு அனுப்பிய நகல் இன்னும் கீழே. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் ஏறும், மேல்சத்தம் மங்கும். பெட்டியைத் திறந்தால் வெட்டி ஒட்டிய இடங்களில் பசை காய்ந்து டேப் துண்டு துண்டாகக் கையோடு வரும். பொறுமையாக ஒவ்வொன்றையும் மறுபடி ஒட்டி, டேப்பைப் படிக்கிற ஹெட்டின் கோணத்தை அந்த டேப்புக்குத் தகுந்தபடி திருகி வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் பிடித்த தீ, டெக்கா உட்பட எத்தனையோ பழைய கம்பெனிகளின் டேப்புகள் இருந்த கிடங்கையும் விழுங்கியது. அதில் எவ்வளவு போனது என்று 2019-ல் பத்திரிகைக்கும் கம்பெனிக்கும் பெரிய சர்ச்சை நடந்தது. எரிந்தது எவ்வளவாக இருந்தாலும், பெட்டிக்குள் வைத்திருந்த தாள்களும் கூடவே போயிருக்கும் என்பதுதான் எனக்குப் பட்ட முதல் கவலை.

நாஷ்வில் என்றால் கன்ட்ரி, கன்ட்ரி என்றால் வெள்ளைக்காரர் என்று எழுதப்படாத ஒரு கணக்கு இருந்தது. அதைக் கலைத்ததிலும் தொகுப்புகளுக்குப் பங்கு உண்டு. கன்ட்ரி மியூசிக் ஃபவுண்டேஷன் 1998-ல் ‘ஃப்ரம் வேர் ஐ ஸ்டாண்ட்’ என்று 3 சிடி போட்டு, ஹார்மோனிகா வாசித்த டிஃபோர்டு பெய்லி தொடங்கிக் கறுப்பினக் கலைஞர்கள் இந்த இசையில் எப்போதும் இருந்தார்கள் என்று காட்டியது. 2004-ல் ‘நைட் டிரெய்ன் டு நாஷ்வில்’ வந்தது. 1945 முதல் 1970 வரை அதே ஊரில், அந்த ஸ்டூடியோக்களுக்குக் கொஞ்ச தூரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த, கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸ் உலகம் அதில் இருக்கிறது. ஜெஃபர்சன் தெரு கிளப்புகள், இரவானால் பாதி அமெரிக்காவுக்குக் கேட்ட டபிள்யூஎல்ஏசி வானொலி, எல்லாம். சிறந்த வரலாற்றுத் தொகுப்புக்கான கிராமி விருது அதற்குக் கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அதன் குறிப்புகளைப் படித்த பிறகு, தனித்தனி என்று நினைத்திருந்த இரண்டு இசையும் ஒரே ஊரின் இரண்டு தெருக்களாகத் தெரிந்ததுதான்.

இப்போது இந்தப் பாட்டுகள் எல்லாமே செயலியில் கிடைக்கின்றன. நல்லதுதான், 16 சிடிப் பெட்டி வாங்க எல்லாராலும் முடியாது, பல பெட்டிகள் அச்சிலும் இல்லை. ஆனால் செயலியில் ‘ஹீல் ஹேவ் டு கோ’ என்று தேடினால் ஒரே பாட்டு பத்திருபது இடத்தில் வரும். அசல் எது, பூச்சு ஏறியது எது, மற்றப் பாடகர்களின் பாட்டு என்றால் எழுபதுகளில் அவர்களே மலிவுக் கம்பெனிக்காக மறுபடி பாடிக் கொடுத்தது எது, ஒன்றும் போட்டிருக்காது. பெரும்பாலும் எழுதியவர், தயாரித்தவர் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். புத்தகத்தின் பின்பக்கங்கள் பெட்டியோடு நின்றுவிட்டன. அந்தத் தாள்கள் ஏற்கெனவே தொகுக்கப்பட்டவை, தட்டச்சு செய்யப்பட்டவை, உரிமம் கொடுத்த கம்பெனிகளிடமும் இருப்பவை. பாட்டுக்குக் கீழே ஆறேழு பெயர் சேர்க்க ஒரு புது ஆராய்ச்சியும் வேண்டியதில்லை.

நான் இந்த மாதம் கேட்டுக்கொண்டிருப்பது ‘நாஷ்வில் ஸ்டார்ஸ் ஆன் டூர்’. 1964 ஏப்ரலில் ஜிம் ரீவ்ஸ், செட் அட்கின்ஸ், பாபி பேர், அனிதா கெர் சிங்கர்ஸ் எல்லாரும் ஒன்றாக ஐரோப்பா போய் நடத்திய கச்சேரிகள். ஒலியும் படமுமாக 2007-ல் பேர் ஃபேமிலி வெளியிட்டது. ரீவ்ஸ் இறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்தவை. ஸ்டூடியோவில் பெயர் போடாமல் பின்னால் நின்று பாடிய அந்த நாலு பேரும் இதில் மேடைக்கு முன்னால் வருகிறார்கள். யார் எந்தக் குரல் என்று ஒவ்வொருவராகப் பிரித்துக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். டாட்டி டில்லார்டின் குரலை இப்போது எந்தப் பாட்டிலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுகிறேன்.